முன்னறிவிப்பின்றி வந்த விருந்தினருக்கு ரசமும் துவையலும் போதுமா?

கேள்வி: மதுரைவாசி

குற்றாலத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் என் கணவரின் சித்தப்பா குடும்பத்தினர் நால்வர், சென்ற ஞாயிறு இரவு சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். காய்கறி என்று சொல்ல வீட்டில் இரண்டு தக்காளியும் அரை மூடித் தேங்காயும்தான் இருந்தன. மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, அப்பளத்தைச் சுட்டு வைத்தேன். கூடத்தில் பாயை விரித்து அமர்ந்தவர்கள் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சித்தப்பாவோ உள்ளங்கையைக் குழித்து நீட்டி, ரசத்தை அதில் ஊற்றச் சொல்லி உறிஞ்சிக் குடித்தார். அத்தனை பேச்சும் சிரிப்புமாக எங்கள் வீட்டில் சாப்பாடு நடந்து நெடுநாளாகிறது. ஆயினும், விருந்தாளிக்கு வெறும் ரசமா, கடையிலிருந்து ஏதாவது வரவழைத்திருக்கலாமே என்று மறுநாள் என் நாத்தனார் குறைபட்டுக்கொண்டார். உங்கள் வீடுகளில் என்ன செய்வீர்கள்?

பதில்: பொருநைக்கரையான்

கடையில் சொல்லிவிட்டால், உணவு வந்து சேரும்வரை வீட்டாரும் விருந்தினரும் கைப்பேசியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுக்களையில் தாளிக்கும் வாசனை எழுந்தால் பேச்சு தானாகவே களைகட்டிவிடும். துவரம்பருப்பை வற்றல் மிளகாயுடன் சிவக்க வறுத்து, தேங்காய், பூண்டு, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைக்கும் துவையலுக்குப் பருப்பு வேகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதால், நீங்கள் செய்த தேர்வு மிகச் சரியானது. ஒன்றே ஒன்று: ஆள் கூடிவிட்டதே என்று ரசத்தில் தண்ணீரை மட்டும் கூட்டாமல், புளியையும் மிளகு சீரகத்தையும் அதற்கேற்பக் கூட்டி, நுரை கட்டியவுடன் இறக்கிவிட வேண்டும். கொதித்துப்போன ரசத்தை எவ்வளவு உபசரித்துப் பரிமாறினாலும் பயனில்லை.

பதில்: சிவகங்கைச் சீமை

எங்கள் மாவட்டத்து இளையான்குடி மாற நாயனாரை உங்கள் நாத்தனாருக்கு நினைவூட்டுங்கள். வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவில் அடியார் ஒருவர் வந்து நிற்க, வயலில் விதைத்திருந்த நெல்லையே வாரிக்கொண்டு வந்தார். விறகில்லாததால் கூரையின் கழிகளை அறுத்துக் கொடுத்தார். கொல்லையிலிருந்து வளராத கீரையைப் பறித்து வந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய மனைவியாரின் கைத்திறன்தான்: ஈரநெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கிச் சோறு சமைத்ததோடு, அந்தக் கீரையையே வெவ்வேறு கறிகளாக ஆக்கிவிட்டார் அந்த அம்மையார்.

பதில்: அடுக்களைக்காரி

அந்தக் கதையில் மாறனார் நனைந்துகொண்டே வயலுக்குப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் விருந்தின் மகிழ்ச்சி கூடத்தில் இருப்பவர்களுக்கும், புகையும் வியர்வையும் உள்ளே நிற்பவளுக்கும் என்றே பங்கு பிரிக்கப்படுகின்றன. எல்லோரும் உண்டு எழுந்த பின் அடிச்சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுபவளிடம் விருந்து எப்படியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இதைச் சண்டையிட்டு மாற்றினேன். யார் வந்தாலும் தேங்காய் துருவுவதும் அப்பளம் சுடுவதும் கணவரின் வேலை; தட்டு வைத்துத் தண்ணீர் எடுத்து வருவது பிள்ளைகளின் வேலை. சோற்றுப் பானையையும் ரசச் சட்டியையும் நடுவில் வைத்துவிட்டு நானும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவேன், வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மதுரைவாசி, அன்று நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள்?