பிடித்தவர் யாரும் நிற்கவில்லை. நோட்டா அழுத்த 650 கிலோமீட்டர் போக வேண்டுமா?

திசையன்விளைக்காரன்

அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. ஓட்டு மட்டும் இன்னும் ஊரில் இருக்கிறது. ராதாபுரம் தொகுதி, திசையன்விளைக்குப் பக்கத்துக் கிராமம். தேர்தல் நேரத்தில் ஆம்னி பஸ்ஸில் போய் வர எப்படியும் நாலாயிரம் ஆகிவிடும். நிற்கிற யாருக்கும் போட மனசில்லை. போய் நோட்டாவை அழுத்தவா, இல்லை பேசாமல் இங்கேயே இருந்துவிடவா?

செல்லாத ஓட்டு எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. 2021 அக்டோபர் ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்ற இரண்டு பேருமே சொந்தம். ஒருவர் அப்பா வழியில் பெரியப்பா, இன்னொருவர் அம்மாவுக்கு அண்ணன் முறை. அம்மா அந்த ரோஸ் கலர் சீட்டில் இரண்டு சின்னத்திலும் முத்திரை குத்திவிட்டு வந்தாள். கேட்டால், "நாளைக்கு ரெண்டு பேரும் வாசலில் வந்து நின்னா பொய் சொல்ல வேண்டாம் பாரு. உனக்குத்தான் குத்தினேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணலாம்" என்கிறாள். மாமா ஏழு ஓட்டில் தோற்றார். அவர் வீட்டைத் தாண்டும்போது அம்மா இன்றைக்கும் முந்தானையைச் சரி செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள்.

இன்னொரு சந்தேகம். நோட்டா அழுத்தினால் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டுகளுக்குத் தெரியுமா? எங்கள் ஊர் பூத்தில் ஏஜெண்டு எல்லாருமே மாமன் மச்சான்தான்.

மீட்டர் போடாத ஆட்டோ

சம்பளத்தோடு லீவு. நாலாயிரம் மிச்சம். தூங்குங்க பாஸ். இதுக்கெல்லாம் கேள்வி கேட்டுக்கிட்டு.

வாலாஜாபாத் வாசி

ஆட்டோ அண்ணா சொல்வது தூக்கம், அதற்குப் புறக்கணிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஏகனாபுரத்தில் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று அதற்கு முன்பே ராத்திரி ராத்திரியாகப் போராடிக்கொண்டிருந்த ஊர் அது. அதிகாரிகள் வந்து சமாதானம் பேசியும் நடக்கவில்லை. ஏன் வரவில்லை என்று மாநிலத்துக்கே தெரியும். நீங்கள் அம்பத்தூரில் போர்வை போத்திக்கொண்டு படுத்தால் அது யாருக்குத் தெரியும்? ஓட்டுப் போடாதவர் கணக்கில், செத்தவரோடும் வெளிநாடு போனவரோடும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

சின்னாளபட்டி டீச்சர்

ராதாபுரத்துக்காரரே இப்படிக் கேட்டால் எப்படி தம்பி!

1989-லிருந்து ஓய்வு பெறும் வரை தேர்தல் வேலை பார்த்தவள் நான். பெட்டி காலத்தில் தொடங்கி மெஷின் காலத்தில் முடித்தேன். முதலில் உங்கள் சந்தேகத்துக்குப் பதில். தெரியாது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதே ‘பீப்’தான். பக்கத்துப் பெட்டியில் நீங்கள் அழுத்தியதைக் காட்டும் சீட்டு 7 விநாடி தெரியும், அதுவும் மறைப்புக்குள் நிற்கிற உங்களுக்கு மட்டும்.

முன்னால் இப்படி இல்லை. 49-ஓ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நோட்டா வருவதற்கு முன் யாருக்கும் போட விருப்பம் இல்லை என்றால் அந்த விதிதான் வழி. 2009 மக்களவைத் தேர்தலில் நான் பி.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக, இருந்த பூத்தில் ஒருவர் வந்தார். கையெழுத்துப் போட்டார், மை வைத்துக்கொண்டார், அப்புறம் "மேடம், 49-ஓ" என்றார். எனக்கே ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17-ஏ பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓட்டுப் போட மறுத்தார் என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டும். அதை எழுதி முடிக்கிறதுக்குள் நாலு ஏஜெண்டுகளும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டார்கள். டீ கொண்டுவந்த பையனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. எல்லாரும் வேண்டாம் என்கிறவருக்கு ரகசியம் கிடையாது, யாருக்காவது போடுகிறவருக்கு உண்டு! 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது மாறியது. அப்போது தலைமை நீதிபதி நம் ஈரோட்டுப் பக்கத்துச் சதாசிவம்.

செல்லாத ஓட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் எண்ணுகிற மேசையில் இருந்தேன். (மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோபத்தில் மொத்தமாக மனுப் போட்டு 1,033 பேர் நின்று, ஓட்டுச் சீட்டே புத்தகமாகிப் போனது அந்த வருஷம்தான்.) எங்கள் மேசைக்கு ஒரு சீட்டு வந்தது. பேனாவால் குறுக்கே, கொட்டை எழுத்தில், "தண்ணி எங்கடா?" என்று எழுதியிருந்தது. வீட்டிலிருந்தே பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு வந்து, மறைப்புக்குள் நின்று எழுதியிருக்கிறார். நான் அதை ஆர்.ஓ. (தேர்தல் நடத்தும் அலுவலர்) மேசைக்கு நீட்டினேன். அவர் வாசித்ததாகவே தெரியவில்லை. நிராகரிப்பு முத்திரையை அந்தத் ‘தண்ணி’ மேலேயே குத்தினார். ஒரு ஏஜெண்டு சிரித்தார். அப்புறம் இரண்டு சின்னத்தில் குத்தியது, ஒன்றுமே குத்தாதது, முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தது என்று தெரியாமல் கெட்ட சீட்டுகளோடு இதையும் ஒரே கட்டாகக் கட்டி உறையில் போட்டாயிற்று. தண்ணி கேட்டவரும், குத்தத் தெரியாமல் குத்திய பாட்டியும் ஒரே கணக்கு. உங்கள் அம்மாவின் சீட்டும் அப்படித்தான் போயிருக்கும்.

நானும் ஒரு செல்லாத ஓட்டுக்காரிதான். 2011-ல் பயிற்சி வகுப்பிலேயே தபால் ஓட்டுப் போட்டோம். உறுதிமொழிப் படிவம் 13-ஏயில் கெசட்டட் அதிகாரி கையெழுத்து வேண்டும். அங்கே நீளமான வரிசை, எனக்குக் கடைசி பஸ். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவள், பரபரப்பில் அப்படியே உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். தேர்தலுக்கு முந்தின ராத்திரி, பள்ளிக்கூட பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கும்போதுதான் சுரீர் என்று ஞாபகம் வந்தது. 13-ஏ சரியில்லை என்றால் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். மறுநாள் சாயங்காலம் வரை ஊரார் விரலுக்கெல்லாம் மை வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் ஓட்டு எங்கேயோ ஒட்டின உறைக்குள்.

இப்போது உங்கள் தொகுதிக்கு வருகிறேன். 2016-ல் ராதாபுரத்தில் ஜெயித்தது 49 ஓட்டில். அங்கே 203 தபால் ஓட்டுகளைத் தள்ளினார்கள், சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று. தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அவரோ 2021-ல் அங்கேயே ஜெயித்துப் பேரவைத் தலைவராகவும் ஆகிவிட்டார். தள்ளுபடி ஆன 203 பேரில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோட்டாவுக்கு அதிக ஓட்டு வந்தால் மறுதேர்தல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அப்படி விதி கிடையாது. அடுத்து யார் அதிகமோ அவர்தான் எம்.எல்.ஏ. வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்க ஆறில் ஒரு பங்கு ஓட்டு இருக்கிறதா என்று பார்க்கும்போதும் நோட்டாவைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

குன்னூர் பச்சைத்தேயிலை

டீச்சர் சொன்னதோடு எங்கள் கதையையும் வைத்துக்கொள்ளுங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு, மூன்றாவது இடம். அதில் என்னுடையது ஒன்று. பச்சைத்தேயிலைக்கு விலை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அழுத்தினேன். ராத்திரி டிவியில் பார்த்தால், பாஜக வேட்பாளர் மனு தள்ளுபடி ஆனதால் அவர்கள் ஓட்டெல்லாம் நோட்டாவுக்குப் போய்விட்டது என்று ஒருவர் பேசுகிறார். அதுவும் உண்மையாக இருக்கலாம். என் வீட்டிலேயே மச்சான் அதற்காகத்தான் அழுத்தினான். ஆனால் என் தேயிலையைப் பற்றி ஒருத்தர் பேசவில்லை. எண்ணிக்கை மட்டும் பேப்பரில் வந்தது, காரணத்தை அவரவர் எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் நான் நோட்டா பக்கம் போவதில்லை. யாராவது ஒருவருக்குப் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் அவர் ஆபீஸ் வாசலில் போய்க் கத்துகிறேன். கத்த ஒரு உரிமை இருக்கிற மாதிரி இருக்கிறது.

திசையன்விளைக்காரன்

49 ஓட்டு விஷயம் தெரியும் டீச்சர். அந்தத் தடவையும் நான் ஊருக்குப் போகவில்லை. எங்கள் லைனில் வேலை பார்த்த ராதாபுரம் பக்கத்துப் பையன்களை எண்ணினாலே பதினொன்று வரும், ஒருவரும் போகவில்லை. அன்றைக்கு ரூமில் பிரியாணி செய்தோம். இதைத்தான் முதல் பதிவில் எழுதாமல் விட்டிருந்தேன்.

நோட்டாவுக்காக நாலாயிரம் செலவழிக்க மனசு வரவில்லை. போனால் யாருக்காவது போட்டாக வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதில் யார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 64 காட்டுகிறது, போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "மெஷின்லயும் ரெண்டு பேருக்கு அழுத்தலாமா?"

சின்னாளபட்டி டீச்சர்

முதலில் எதில் விரல் படுகிறதோ அதுதான் ஏறும் தம்பி, அடுத்தது ஏறாது. அந்த 7 விநாடி சீட்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.