கொட்டகலைப் பக்கம் 9 பேர்ச், சின்ன வீடு, 85 லட்சம்: வாங்கலாமா?

பனிமூட்டம்:
வணக்கம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. காணி 9.2 பேர்ச் (2,500 சதுர அடி வரும்), வீடு 620 சதுர அடி. இரண்டு அறை, ஹோல், குசினி, உள்ளேயே டொயிலட். சுவர் சீமெந்துக் கல், கூரை அஸ்பெஸ்டஸ். முன் அறையும் விறாந்தையும் பிறகு சேர்த்துக் கட்டியவை. றோட்டிலிருந்து 42 படி ஏற வேண்டும். பின்னால் மண்ணை வெட்டி இறக்கிய மேடு 9 அடி உயரம் வரும். குசினிச் சுவருக்கும் அதற்கும் 3 அடிதான் இடைவெளி, மண்ணைத் தாங்கும் கட்டு ஒன்றும் இல்லை. தண்ணி மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது.

கையில் 40 லட்சம் இருக்கிறது. 50 லட்சம் வங்கியில் எடுக்கலாம் என்று யோசனை. இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 28,000. "டித்வா புயலுக்கே அசையாத வீடு" என்கிறார் விற்பவர். அவருடைய தாயார் 2019இல் எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதிப் பத்திரமும் 2004 பிளானும் காட்டினார். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். என்ன சொல்கிறீர்கள்?

கருங்கல்:
2025 நவம்பருக்குப் பிறகு மலைநாட்டில் வீடு விற்கிறவர்கள் வாயில் முதலில் வருவதே அந்த டித்வா வசனம்தான். அதைச் சான்றிதழாக எடுக்காதீர்கள். அந்த மழையில் விழாமல் நின்ற மேடு, உள்ளே விட்டுக்கொடுத்தும் இருக்கலாம். உச்சியில் வெடிப்பு விழுந்திருந்தால் அடுத்த மழைத் தண்ணி அதற்குள் நேராக இறங்கும்.

அதனால் வீட்டுக்குள் போகுமுன் மேட்டின் தலைக்கு ஏறுங்கள். விளிம்பிலிருந்து 15 அடி உள்ளே வரை புல்லை விலக்கிப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்து ஓடும் வெடிப்பு இருந்து, அதற்குக் கீழ்ப்பக்க மண் ஓரிரு அங்குலம் இறங்கியும் இருந்தால் அத்தோடு திரும்பி விடுங்கள், விலை பேசவே வேண்டாம். மேட்டடியில் புதிதாகக் கசிவு, தெளிந்த ஊற்று கலங்கி வருவது, ஓடிய ஊற்று திடீரென்று நிற்பது, மரமோ லைட் கம்பமோ சாய்ந்திருப்பது, இவையும் அதே கணக்கில்தான்.

இது ஒன்றுமே இல்லை என்றாலும் 9 அடி வெட்டும் 3 அடி இடைவெளியும் நல்ல சேர்க்கை இல்லை. வெட்டிய மண் காய்ந்திருக்கும்வரை சுவர் மாதிரி நிற்கும். ஊறினால் பாரம் கூடும், பிடிப்பு குறையும். ஒரு கியூப் (100 கன அடி) மண் சரிந்தாலே போதும், சீமெந்துக் கல் சுவர் பக்கவாட்டு உதையைத் தாங்காது. மேட்டின் உயரமளவாவது இடைவெளி இருந்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

கட்டு கட்டலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். 9 அடி உயரம், 30 அடி நீளம் என்று வைப்போம். கருங்கல் கட்டு தன் பாரத்தாலேயே மண்ணைத் தாங்க வேண்டும் என்பதால் அடி 5 அடி அகலம், தலை ஒன்றரை அடி, அத்திவாரம் ஒன்றரை அடி ஆழம் என்றாவது வேண்டும். எல்லாம் சேர்த்து 1,100 கன அடிக்கு மேல், அதாவது 11 கியூப். பாரம் ஏறக்குறைய 70 தொன். இவ்வளவையும் 42 படி தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். கல் விலையைவிடச் சுமைகூலி கூடினாலும் கூடும். இன்னொன்று, 3 அடி இடைவெளியில் 5 அடி அடிக் கட்டு வராது. மேட்டை இன்னும் உள்ளே வெட்ட வேண்டும். அந்த இடம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்று பிளானைப் பாருங்கள். மேல்வீட்டுக்காரர் காணியை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

கட்டு விழுவது பெரும்பாலும் கல் போதாமல் இல்லை, தண்ணிக்கு வழி விடாமல்தான். பின்னால் ஒரு அடி தடிப்புக்குச் சல்லிக்கல், 4, 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குல பிவிசி குழாய் வெளிப்பக்கம் சரிவாக. மேட்டின் தலையில் சீமெந்து பூசிய ஒரு கானு, அடியில் இன்னொன்று. கூரைத் தண்ணியைப் பீலி போட்டு நேரே கீழ்க் கானுக்கு இறக்க வேண்டும். மேசன் பாஸ் "குழாய் எல்லாம் எதுக்கு" என்று கேட்டால் வேறு பாஸைத் தேடுங்கள்.

முன் அறை பிறகு சேர்த்தது என்றால், வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவி அதன்மேல் கட்டியிருப்பார்கள். பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் நிற்கும் வீடு அந்தப் பொருத்தில் பிளக்கும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் வெடிப்பைப் பாருங்கள். முடி மாதிரி என்றால் பூச்சு வெடிப்பு. தீக்குச்சி நுழைந்தால் கவனம். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் முன்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அங்கேதான் டோர்ச் அடிக்க வேண்டும். தண்ணி நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் பின்னறைத் தரையையும் முன்னறைத் தரையையும் மட்டம் பிடியுங்கள். ஒரே மட்டமாக வார்த்த தரை ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அது வார்த்தவர் பிழை என்று நான் நம்பமாட்டேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நுவரெலியா மாவட்ட அலுவலகத்தில் இந்தக் காணி மண்சரிவு வரைபடத்தில் எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள், நேரில் வந்து பார்க்கவும் விண்ணப்பியுங்கள். 2011 சுற்றறிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதிகளில் கட்டுவதற்கு அவர்களுடைய அறிக்கை வேண்டும். பிறகு சேர்த்த அறைக்கு அது இருக்கிறதா, பிரதேச சபை அனுமதித்த பிளான் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பீலிக்கரை:
தண்ணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 20 லீட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நேரம் பிடியுங்கள். 10 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 120 லீட்டர், ஒரு நாளைக்கு 2,880. நான்கு பேர் வீட்டுக்கு 500, 600 போதும் என்பதால் 1,000 லீட்டர் டேங்க் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் இந்த அளவை மாசி, பங்குனியில் எடுக்க வேண்டும். ஆடியில் எல்லா ஊற்றும் நல்ல ஊற்றுதான்.

ஊற்று யார் காணியில்? குழாய் யார் யார் காணி வழியாக வருகிறது? "பரம்பரையாக வருகிறது" என்ற வாய்வார்த்தை, மேல்காணி கைமாறும் அன்றோடு முடிந்துவிடும். தண்ணி எடுக்கும் உரிமை உறுதியில் எழுத்தாக இருக்க வேண்டும். படிக்கட்டுப் பாதைக்கும் அப்படியே, பிளானில் பாதை வரைந்திருக்கிறதா பாருங்கள். மேலே உள்ள வீடுகளின் மலக்குழி ஊற்றுக்கு 50 அடிக்குள் இருந்தால் கொதிக்க வைத்துக் குடிப்பதை ஒரு தீர்வாக நினைக்க வேண்டாம்.

உறுதியும் ஈடும்:
அந்த 2 லட்சத்தை முதலில் நிறுத்துங்கள். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால், இரண்டு சாட்சியோடு கையொப்பமானால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் அது. வெள்ளைப் பேப்பரிலோ முத்திரை ஒட்டியோ எழுதியதை வைத்து வீட்டை எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட முடியாது.

நன்கொடை உறுதி என்றதும் பார்க்க வேண்டியது, தாயார் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதினாரா என்பது. அப்படியானால் அவரும் கையொப்பம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் உள்ளவரை வீட்டில் இருக்கும் உரிமை அவருக்குத்தான். முந்திய உரிமையாளர்களில் கண்டிச் சட்டம் (கண்டியச் சிங்களவருக்கான தனிச் சட்டம்) செல்லும் குடும்பம் வந்தால் இன்னும் கவனம். நன்கொடையை ரத்துச் செய்யும் உரிமையைக் கைவிடுவதாக உறுதியில் வெளிப்படையாக எழுதாவிட்டால், பொதுவாகக் கொடுத்தவரே அதைத் திரும்ப ரத்துச் செய்யலாம். புதிய நன்கொடை உறுதி என்றால் வங்கிச் சட்டத்தரணிகள் முகம் சுளிப்பது சும்மா இல்லை.

காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். ஈடு, வழக்குப் பதிவு, தடையுத்தரவு, பிரிக்கப்படாத பங்கு எல்லாம் அதில் தெரியும். நம் பக்கத்தில் 30 வருடத்தோடு நிற்கவும் கூடாது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்து மிச்சத்தை ஆணைக்குழுவுக்கு எடுத்தது. தோட்டக் காணியிலிருந்து துண்டு போட்டு விற்ற இடங்களில், விற்றவருக்கே அன்று உரிமை இருந்ததா என்ற கேள்வி இன்னும் எழும்புகிறது. பழைய தோட்டப் பெயர் எங்காவது உறுதியில் வந்தால் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கடிதத்தைக் கேளுங்கள். அரச அனுமதிப்பத்திரம், ஜயபூமி, ஸ்வர்ணபூமி மாதிரி அரசு கொடுத்த காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையை "கைமாற்றித் தருகிறேன்" என்பவரிடம் விற்க ஒன்றுமே இல்லை.

2004 பிளானை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சர்வேயரைக் கூட்டிப்போய் எல்லைக் கல்லை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். சரிவான காணியில் 9.2 பேர்ச் என்பது தட்டையாக அளந்த கணக்கு, அதில் கால் வைக்கக்கூடிய தரை எவ்வளவு என்பது வேறு கதை. பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் (வீதி அகலிக்கும் எல்லைக்குள் காணி வருகிறதா என்பது) உரித்துச் சான்றிதழும் எடுங்கள், வரி பாக்கியும் தெரியும். ரயில் பாதையோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் ஒதுக்க நிலம் எதுவரை என்று சர்வேயரே குறிக்கட்டும்.

பனிமூட்டம்:
நன்றி அண்ணே. உறுதியைத் திரும்ப வாசித்தேன், தாயாரின் சீவிய உரித்து இருக்கிறது. மேட்டின் தலையில் வெடிப்பு இல்லை. முன்னறைப் பொருத்தில் மேலே தீக்குச்சி போகிறது, கீழே போகவில்லை. வாளி 14 நிமிடம்.

பீலிக்கரை:
14 நிமிடம் என்றால் நாளுக்கு 2,000 லீட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணி பரவாயில்லை, எழுத்துதான் பாக்கி.

கணக்குப்பிள்ளை:
காசைப் பற்றி யாரும் பேசவில்லையே தம்பி. மத்திய மாகாணத்தில் முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 85 லட்சத்துக்கு 3,39,000 ரூபாய், வாங்குபவர் தலையில். நொத்தாரிசுக்கு ஒரு வீதம் என்று வைத்தால் 85,000. கையில் உள்ள 40இல் 35ஐ விலைக்குக் கொடுத்து, இவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 76,000. சர்வேயர், வங்கியின் மதிப்பீட்டாளர், வங்கிச் சட்டத்தரணி எல்லாரும் அதற்குள்தான். கருங்கல் அண்ணன் சொன்ன 11 கியூப் கட்டுக்கு ஒரு சதமும் இல்லை.

விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மதிப்பீடு கூடி வந்தால் மிச்சத் தீர்வையும் தண்டமும் வரும்.

50 லட்சம், 13 வீத வட்டி என்று உதாரணத்துக்கு வைத்தால் 15 வருடத்துக்கு மாதம் 63,260. 10 வருடம் என்றால் 74,650. மாதத்துக்குப் பதினோராயிரம் கூடினாலும் மொத்தத்தில் 24 லட்சம் மிச்சம். வட்டி நிலையானதா, சில வருடத்தில் மாறுவதா என்பதைக் கடன் கடிதத்தில் பாருங்கள், வாயால் சொன்னதை விடுங்கள். வங்கி கடன் கொடுப்பது தன் மதிப்பீட்டாளர் போட்ட பெறுமதிக்கு, புரோக்கர் சொன்ன விலைக்கு இல்லை. கட்டு இல்லாத மேட்டைப் பார்த்தால் அந்தப் பெறுமதி இறங்கும், அப்போது 50 கிடைக்காது. வேலையில் 10 வருடத்துக்கு மேல் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இருந்தால் வீட்டுக்காக 30 வீதம் வரை எடுக்கும் வழி இருக்கிறது, தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

வாடகைக்கும் தவணைக்கும் வித்தியாசம் மாதம் 35,000 சொச்சம். வாடகை வீட்டிலேயே ஒரு வருடம் இருந்து அதைப் போட்டு வைத்தால் 4 லட்சத்துக்கு மேல் சேரும். இந்த விலைக்கு இந்த வீட்டை நான் எடுக்கமாட்டேன்.

கருங்கல்:
கணக்குப்பிள்ளையோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். தலையில் வெடிப்பு இல்லை என்பது பெரிய விஷயம். முன்னறை இறங்குவதும் முழு வீட்டுக்கும் வந்த நோய் இல்லை, பழைய பகுதி வெட்டுமண்ணில் நன்றாக உட்கார்ந்திருந்தால் முன்னறையைக் கழற்றிவிட்டுக்கூட வீடு வீடாக நிற்கும். ஆகவே 620 சதுர அடிக்கு விலை பேசாமல் முன்னறையையும் விறாந்தையையும் கழித்துவிட்டுப் பேசுங்கள், கட்டுச் செலவையும் எழுத்தில் மதிப்பிட்டு அதற்கு மேல் கழியுங்கள். விற்பவர் 85இலேயே நின்றால் விட்டுவிடலாம்.

அவர் இறங்கி வந்தால் உடன்படிக்கையில் நாள் வாங்குங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொங்கிரீட் ஆணி அடித்து இடைவெளியை இன்று அளந்து சுவரிலேயே திகதியோடு எழுதுங்கள், மாதம் ஒருமுறை அளவுகோல் வையுங்கள். ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேற்கு மழைதான் பரீட்சை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை, 100க்கு அம்பர், 150க்கு வெளியேறச் சொல்லிச் சிவப்பு. மஞ்சள் அறிவித்துத் தணிந்த மறுநாள் காலையில் போய், குசினிக்குப் பின்னால் மேட்டடியில் வடிகிற தண்ணியைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் வையுங்கள். அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.