காக்கைக் கூட்டமும் வியாழக்கிழமை திதியும்

வித்யா: அவசரம். யாழினி ஒர்க்‌ஷீட் நாளைக்குக் கொடுக்க வேண்டும். காக்கைக் கூட்டத்துக்கு இங்கிலீஷில் மர்டர் என்று விடை போட்டிருக்கிறது, அச்சுப்பிழையா?

கார்த்தி: சரிதான்

பெரியத்தை: வியாழன் அப்பா திதி. காக்கைக்குச் சோறு வைக்கிற வாரத்தில் கொலை கிலை என்று எழுதாதீர்கள்

கோபால் சித்தப்பா: பிழை இல்லை வித்யா. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பட்டியல்களிலேயே இருக்கிறது. அங்கே வேட்டைக்குப் போகும் பெரிய மனிதர்கள் எந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இல்லை. 1486இல் செயின்ட் ஆல்பன்ஸில் அச்சான புத்தகத்தில் இப்படிப் பெரிய பட்டியலே உண்டு, ஜூலியானா பெர்னர்ஸ் என்கிற கன்னியாஸ்திரீ எழுதியதாகச் சொல்வார்கள். அதில் அண்டங்காக்கைக்கு அன்கைண்ட்னெஸ், அதாவது இரக்கமின்மை. வானம்பாடிக்கு எக்ஸால்டேஷன், அதாவது பரவசம். பாதிக்கு மேல் விளையாட்டுக்குக் கட்டியவை மாதிரிதான் தெரிகிறது. காக்கை போர்க்களத்தில் பிணம் தின்ன வரும், அதனால்தான் மர்டர் என்று ஒரு விளக்கமும் உண்டு

கார்த்தி: சித்தப்பா ரிட்டயர் ஆனது நமக்குத்தான் கஷ்டம்

சுதா: ஐயருக்கு யார் சொல்வது? போன வருஷமும் கடைசி நேரத்தில் நான்தான் அலைந்தேன்

பெரியத்தை: பணம் கொடுத்தது நான்

முரளி பெரியப்பா: அக்கா அதை இங்கே பேச வேண்டாம்

பெரியத்தை: நீ போன் எடுத்தால் அங்கே பேசுவேன்

கோபால் சித்தப்பா: இன்னொன்று விட்டுவிட்டேன். அதே பட்டியலில் கூஸ் என்கிற பெருவாத்துக் கூட்டத்துக்கு காகிள். பெண்கள் கூட்டத்துக்கும் அதே காகிள்தான்

சுதா: ஓஹோ

சித்தி: பார்த்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் செயின்ட் ஆல்பன்ஸிலேயே முடித்துவிடுங்கள்

கோபால் சித்தப்பா: நான் எழுதவில்லையே, புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்

வித்யா: அப்போ மர்டர் என்றே எழுதட்டுமா?

கார்த்தி: எழுது. பறவை ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஃப்ளாக் என்றுதான் எழுதுவார்கள், ஆனால் மிஸ்ஸிடம் அது செல்லாது

பெரியத்தை: பென்சிலில் எழுதச் சொல்

வித்யா: நம் மொட்டை மாடிக்கு ஒரே காக்கைதான் வருகிறது, அதற்கு என்ன பெயர் என்று கேட்கிறாள்

பெரியத்தை: தாத்தா என்று சொல்

சுதா: சரி, ஐயர் நம்பர் யாரிடம் இருக்கிறது? பழையவர் மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டார்

கார்த்தி: முரளி பெரியப்பாவிடம் இருக்கும்

முரளி பெரியப்பா: தேடுகிறேன். வியாழன் எனக்கு ஆடிட், 10 மணிக்குள் முடியுமா?

பெரியத்தை: 10 மணியா