மறு: அஃபோர்டன்ஸ் தமிழில் என்ன? (வியாழன் காலைக்குள் வேண்டும்)

மணற்கேணி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு இடைமுக வடிவமைப்பின் (செயலித் திரைகளை அமைக்கும் கலையின்) அடிப்படைகளைத் தமிழில் எடுக்கிறேன். சாளரம், பட்டி, பொத்தான் வரை வண்டி ஓடிவிட்டது. ‘அஃபோர்டன்ஸ்’ வந்ததும் நின்றுவிட்டது. கதவில் பிடி இருந்தால் கை இழுக்கப் போகிறது, வெறும் தகடு இருந்தால் தள்ளப் போகிறது. பொருளுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கும் அந்தச் செயல்வாய்ப்புக்கு ஒரு சொல் வேண்டும். வியாழன் காலை முதல் வகுப்பு.

பழஞ்சுவடி எழுதியது:
அம்மையீர், ‘பொத்தான்’ எப்படி ஓடியது? அது போர்த்துக்கீசியம். ‘அழுத்தி’ என்க. தாங்கள் கேட்டதற்கு ‘இயல்விப்பு’. இயல் என்னும் வினையின் பிறவினை.

தச்சன் எழுதியது:
ஐயா, இயலுக்குப் பிறவினை ‘இயற்று’ என்று ஏற்கெனவே இருக்கிறதே. அப்புறம், ‘சாவி’யும் போர்த்துக்கீசியம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு எதைத் தேடுகிறீர்கள்?

நெய்தல் எழுதியது:
எங்க ஊர்ல ‘வாகு’ம்போம். அருவா கைக்கு வாகா இருக்கு, குடம் இடுப்புக்கு வாகா இருக்கு. அதே கத்தரிக்கோல் இடக்கைக்காரனுக்கு வாகில்லை. பொருளும் ஆளும் சேர்ந்தால்தான் வாகு. டீச்சர் கேட்டது இதுதானே?

பழஞ்சுவடி எழுதியது:
வாகு வடசொல். பாஹு, அதாவது தோள். வீரவாகு என்ற பெயரை நினைக்க. இல்லை, ‘வாய்த்தல்’ வழியே வந்தது எனச் சாதிப்போர் வாய்ப்பு, வாய்மை, வாகை வரை அடுக்க வேண்டும். அடுக்கினேன். இரண்டு பக்கம் வந்தது, தனி மடலில் விடுக்கிறேன்.

நெய்தல் எழுதியது:
ஐயா, தோள் வேற, தோது வேற. “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா”ன்னு தொல்காப்பியரே கைகழுவிட்டார். நாம ஏன் நோண்டணும்?

தச்சன் எழுதியது:
எனக்கு வேறு தடை. இந்தச் சொல்லை உண்டாக்கிய உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1979-இல் எழுதிய நூலில் நன்மை, தீமை இரண்டையுமே இதில் அடக்குகிறார். ‘வாகு’ நல்லதை மட்டும்தானே சொல்கிறது? கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி விழுவதற்கு வாகு என்போமா? பிள்ளைகள் இதை ‘எளிமை’ என்று எழுதிவைப்பார்கள்.

நெய்தல் எழுதியது:
“அடி வாங்க வாகா நிக்கிறான்”னு சொல்றதில்லையா அண்ணே?

தச்சன் எழுதியது:
சரி, அந்த ஒரு வாக்கியத்துக்காக அரை மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு சிக்கல் பாக்கி. வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988-இல் ஒரு நூல் எழுதி இதை வடிவமைப்புக்குள் கொண்டுவந்ததும், திரையில் கோடு போட்டவர் எல்லாம் ‘அஃபோர்டன்ஸ் வைத்தேன்’ என்று கிளம்பிவிட்டார்கள். அழுத்த முடிவது ஒன்று, அழுத்தலாம் என்று கண்ணுக்குத் தெரிவது வேறு. பின்னதற்கு அந்நூலின் 2013 பதிப்பில் ‘சிக்னிஃபையர்’ என்று தனிச்சொல் கொடுத்தார். அதே ஆண்டு வந்த ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7-இல் பல பொத்தான்களுக்கு விளிம்பே போய், நிற எழுத்து மட்டும் நின்றது. வாகு இருந்தது, அடையாளம் போச்சு. மறு ஆண்டு 7.1-இல், பொத்தானுக்கு உருவம் காட்டு என்று அமைப்புகளுக்குள் ஒரு தேர்வைச் சேர்த்தார்கள். ஆக, மணற்கேணிக்கு வேண்டியது இரண்டு சொல்.

மணற்கேணி எழுதியது:
இரண்டாவதற்குக் ‘குறி’ என்று போட்டால் பின்பெஞ்சு சிரிக்கும். ‘துப்பு’?

பழஞ்சுவடி எழுதியது:
வள்ளுவர்க்குத் துப்பு உணவு. துப்பார்க்குத் துப்பாய. பவளத்துக்கும் அப்பெயர் உண்டு. எச்சில் கணக்கில் சேராது.

தச்சன் எழுதியது:
போலீசுக்குக் கிடைப்பதும் துப்புதான். அது போதும்.

மணற்கேணி எழுதியது:
வியாழன் இரவு. ‘வாகு’, ‘துப்பு’ இரண்டையும் வைத்து எடுத்தேன். பேருந்துச் சீட்டுச் செயலியைக் காட்டி, இங்கே என்ன குறை என்று கேட்டதற்கு ஒரு பெண், “வாகு இருக்கு மேம், துப்பு இல்ல” என்றாள். அவள் சொன்னது செயலியையா, என்னையா என்று இன்னும் தெரியவில்லை. ‘இயல்விப்பு’ என்பதையும் கரும்பலகை ஓரத்தில் எழுதினேன் ஐயா. ஒருவர்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:
என் மறுப்பு பதிவாகட்டும். ‘பொத்தான்’ பற்றிக் கேட்டதற்கு இன்னும் எவரும் விடை தரவில்லை.