மேனிஃபோல்டு நட்டு அசைய மறுக்கிறது

குமரன்: [புகைப்படம்] பழைய டீசல் எஞ்சினில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மற்ற நட்டெல்லாம் வந்துவிட்டது, இரண்டு மட்டும் அசையவே இல்லை. ஒன்றின் மூலை மழுங்க ஆரம்பித்துவிட்டது.

ரவி மாமா: ஸ்பேனரில் நீளமாக ஒரு குழாயை மாட்டி ஒரே அழுத்து. வராமல் எங்கே போகும்?

மணி சித்தப்பா: வரும் மச்சான், நட்டு மாட்டியிருக்கும் மரைக்கம்பி, அதாவது ஸ்டட், அதில் பாதியோடு வரும் 😄

மணி சித்தப்பா: குமரா, இரும்பு துருவாக மாறினால் கூடுதல் இடம் பிடிக்கும். மரைக்குள் அதுதான் ஊதி அடைத்திருக்கிறது. முதலில் துருவின் பிடியை விடுவிக்கணும்.

குமரன்: துரு இளக்கும் ஸ்பிரே அடித்தேன் சித்தப்பா. பத்து நிமிடம் விட்டேன்.

மணி சித்தப்பா: பத்து நிமிடமா! வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அடி, ராத்திரி முழுக்க ஊறட்டும். நடுநடுவே நட்டைச் சுத்தியலால் தட்டு. அந்த அதிர்வில் துரு விரிசல் விடும், எண்ணெய் இறங்கும்.

செல்வி அக்கா: தம்பி, ஆறு மூலை சாக்கெட் போடு. பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும்தான் பிடிக்கும், சீக்கிரம் மழுக்கிவிடும்.

குமரன்: நான் போட்டது பன்னிரண்டு மூலைதான் அக்கா 🙈

மணி சித்தப்பா: நாளைக்கும் வரவில்லையென்றால் கேஸ் டார்ச். சூடு நட்டில் படணும், ஸ்டட்டில் அல்ல. நட்டு விரிந்து பிடியை விடும். அந்தச் சூட்டிலேயே மெழுகுவர்த்தியை மரையில் ஒற்று, உருகி உள்ளே ஓடும். சிலர் சிரிப்பார்கள், ஆனால் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

செல்வி அக்கா: அதற்கு முன் எண்ணெயை நன்றாகத் துடை. டீசல் ஹோஸ், ஒயரை ஒதுக்கி வை. பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் டார்ச் வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகை என்றால் சூட்டில் பாஸ்ஜீன் விஷவாயு வரும்.

மணி சித்தப்பா: திருகும்போது முதலில் இம்மி அளவு இறுக்கு, அப்புறம் தளர்த்து. நகர ஆரம்பித்ததும் அவசரப்படாதே, முன்னும் பின்னுமாகக் கொண்டு வா.

குமரன்: ஸ்டட் உடைந்துவிட்டால், துண்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் போடலாமா?

மணி சித்தப்பா: அது கடைசி வழி. கடினமான எஃகு, துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பண்ணு. வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும்.

ரவி மாமா: அப்படியே, ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடு.

மணி சித்தப்பா: அதில் மட்டும் பலத்தைக் காட்டாதே! எம்10 (10 மி.மீ. மரை) பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர் திருகு விசையிலேயே முறியும். முறிந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். எல்லாம் மாட்டிய பிறகு, எஞ்சின் சூடாக இருக்கும்போது, டார்க்கை, அதாவது திருகு விசையை, அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார்.

குமரன்: சரி சித்தப்பா. இன்று எண்ணெய் மட்டும். திரும்ப மாட்டும்போது மரையில் ஏதாவது பூசணுமா?

மணி சித்தப்பா: மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை, மெல்லிசாக. சூட்டைத் தாங்கும் வகையா என்று டப்பாவில் பார்த்துக்கொள். மரை வழுக்கும், அதனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கைக் கொஞ்சம் குறைத்து வை.