காஸ்மோஸ் நெஞ்சு உயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட இல்லை – ஓணத்துக்குள் பூக்குமா?

முற்றத்துச்செடி (மார்த்தாண்டம் பக்கம்):

எல்லோருக்கும் வணக்கம். வைகாசியில் காஸ்மோஸ் விதை போட்டேன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது ஒரு பாக்கெட், ரோஸும் வெள்ளையும் கலந்தது ஒரு பாக்கெட். ஒரு வாரத்திலேயே முளைத்துவிட்டது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. செடி என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. இலையெல்லாம் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கிறது. ஆனால் எந்தச் செடியிலும் மொட்டு இல்லை. போன வாரம் பெய்த மழையில் பாதிச் செடிகள் சாய்ந்தும் விட்டன.

க்ரோ பேக்கில் பாதி செம்மண், மீதி தொழுவுரமும் மண்புழு உரமும். வாரம் ஒரு தடவை புளிக்க வைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மழை இல்லாத நாட்களில் தினமும் தண்ணீர் விடுகிறேன். பைகள் இருப்பது கிழக்கு முற்றத்தில். பத்து மணி வரை நல்ல வெயில், அப்புறம் தென்னையும் அயனி மரமும் மறைத்துவிடும்.

இந்த ஓணத்துக்கு வாசலில் போடும் அத்தப்பூக் கோலத்தில் வீட்டில் பூத்த பூ வேண்டும் என்று மகள் ரொம்ப ஆசையாக இருக்கிறாள். இனி என்ன செய்யலாம்?

விளைவீடு:

அக்கா, நோய் எதுவும் இல்லை, சத்து கூடிப்போனதுதான். காஸ்மோஸ் மெக்சிகோவின் செடி. வறண்ட, சத்துக் குறைந்த மண்ணிலும் வேர் பிடித்துப் பூக்கக்கூடியது. தழைச்சத்து அதிகமானால் இலையும் தண்டுமாகப் போய்க்கொண்டே இருக்கும், பூவைத் தள்ளிப்போடும். தண்டும் சதைப்பிடிப்பாக, பலம் இல்லாமல் வளரும். மழைக்குச் சாய்ந்ததற்கும் அதுதான் காரணம். பிச்சிக்கும் ரோஜாவுக்கும் கொடுக்கும் கவனிப்பு இதற்கு ஆகாது.

பிண்ணாக்குத் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீரையும் குறையுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

மாடித்தோட்டம்_நாகர்கோவில்:

வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றிப் பாருங்கள். பொட்டாஷ் கிடைத்தால் பூக்கும்.

விளைவீடு:

தம்பி, சொல்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையில் ஏற்கெனவே பாதிக்குப் பாதி உரம் இருக்கிறது. அதில் பொட்டாஷ் பற்றாக்குறை வர வாய்ப்பே இல்லை. இப்போது எதைச் சேர்த்தாலும் கெடுதல்தான். மழை பெய்து பையில் இருக்கும் சத்து கொஞ்சம் கழுவிப் போகட்டும், அதுவே நல்லது.

மலையோரம் (குலசேகரம்):

உரத்தை விட வெயில்தான் பெரிய பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது. காஸ்மோஸுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பத்து மணிக்கே நிழல் விழுந்தால் மூன்று மணி நேரம்கூடச் சரியாகக் கிடைக்காது, அதிலும் இது சாரல் காலம். செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே ஓடும். பைதானே, மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். முற்றத்தில் ராத்திரி விளக்கு எரிகிறதா?

முற்றத்துச்செடி:

ஆமாம், கேட் பக்கத்தில் தெருவிளக்கு இருக்கிறது. ரோஸ்-வெள்ளைச் செடிகள் அதற்கு நேர் கீழேதான் நிற்கின்றன. விடியும் வரை எரியும். விளக்குக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

மலையோரம் (குலசேகரம்):

சம்பந்தம் உண்டு அக்கா. காஸ்மோஸ் குறும்பகல் செடி. இரவு நீளமாக இருந்தால் சீக்கிரம் மொட்டு வைக்கும், பகல் நீண்டால் தள்ளிப்போடும். குளிர்நாடுகளில் கோடையில் பகல் 15, 16 மணி நேரம் போகும். அங்கே சில பழைய ரகங்கள் பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். அதைப் படித்துவிட்டு 'இப்போது சீசன் இல்லை, அதனால்தான் பூக்கவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில்கூடப் பகல் 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டாது. பகல் நீளத்தைப் பார்த்தால் வருடம் முழுவதும் நமக்குக் காஸ்மோஸ் பூக்க வேண்டும்.

ஆனால் ராத்திரி முழுக்க வெளிச்சம் விழுந்தால் செடிக்கு அது இருட்டாகவே தெரியாது. அந்தச் செடிகளை முதலில் நகர்த்துங்கள்.

காற்றோரம் (ஆரல்வாய்மொழி):

சாய்ந்த செடிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றுக்காகத்தான். நான் வருடா வருடம் அந்தக் காற்றில்தான் காஸ்மோஸ் வளர்க்கிறேன்.

ஒற்றையாக நட்டால் நிற்காது. ஒரு அடி இடைவெளியில் கூட்டமாக நட்டால் ஒன்றை ஒன்று தாங்கும். சுற்றி நாலு மூங்கில் குச்சி ஊன்றி, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று சணல் கட்டுங்கள். ஒவ்வொரு செடியையும் தனித்தனியாக இறுக்கிக் கட்ட வேண்டாம், காற்றில் ஆடும்போது கட்டின இடத்திலேயே ஒடியும். தரையில் படுத்துவிட்ட செடியைப் பிடுங்கிப் போடாதீர்கள். மண்ணில் படும் தண்டு அங்கேயே வேர்விடும், நுனி தானாக நிமிர்ந்துகொள்ளும்.

முக்கியமான வேலை நுனி கிள்ளுவது. செடி ஒரு அடி உயரம் வந்ததும் கிள்ளியிருந்தால் இதற்குள் கிளை பிரிந்து புதராகியிருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மேலே மூன்றில் ஒரு பங்கை, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே, கத்தரியால் வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் கிளை வரும். பூ வர மூன்று நான்கு வாரம் ஆகும். ஓணம் ஆவணியில்தானே, நேரம் இருக்கிறது. மனசு கேட்கவில்லை என்றால் பாதிச் செடிகளை மட்டும் வெட்டுங்கள். ஆனால் வெட்டாத செடி பூத்தாலும் உச்சியில் நாலு பூவோடு நின்றுவிடும். அத்தப்பூவுக்கு நாலு பூ எங்கே போதும்?

முற்றத்துச்செடி:

எல்லோருக்கும் நன்றி. பைகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம், பிண்ணாக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டேன், பாதிச் செடிகளை வெட்டினேன். இப்போது வெட்டாத மஞ்சள் செடி ஒன்றின் உச்சியில் பொத்தான் மாதிரி வட்டமாக இரண்டு மூன்று தெரிகின்றன. மொட்டுதானே? ரோஸ்-வெள்ளையில் இன்னும் ஒன்றும் இல்லை. வெட்டின இடத்துக்குக் கீழே தளிர் வந்திருக்கிறது, ஆனால் தளிரில் கறுப்பாகப் பொடிப்பொடியாகப் பூச்சி மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா? ஒருவேளை ரோஸ் பூக்காவிட்டால் இப்போது புதிதாக விதை போட்டால் வருமா?

விளைவீடு:

மொட்டேதான் அக்கா, மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்! மஞ்சளும் ஆரஞ்சும் வருவது வேறு இனம், நம் வெக்கையையும் புழுக்கத்தையும் நன்றாகத் தாங்கும். ரோஸ்-வெள்ளையின் இலை நூல் நூலாக இருக்கும், அதற்குச் சற்றுக் குளுமை பிடிக்கும், கொஞ்சம் பொறுமையாகத்தான் பூக்கும். புதிதாக விதைத்தால் மஞ்சளே பூக்க 50, 60 நாள் ஆகிவிடும். அதை நம்பி ஓணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ரோஸ்-வெள்ளையை ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் போடுங்கள். தை, மாசியில் பூக்கும்போது அந்தச் செடியின் உண்மையான அழகைப் பார்ப்பீர்கள்.

பூச்சி அசுவினிதான். சத்து கூடின இளந்தளிரைத்தான் அது தேடி வரும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள். இரண்டு நாளில் திரும்பி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். பூ விரிந்த பிறகு பூவின்மேல் அடிக்காதீர்கள், தேனீ வரும். பொறிவண்டு தென்பட்டால் எதுவுமே அடிக்க வேண்டாம். அசுவினியை அது தின்று தீர்த்துவிடும்.

காற்றோரம் (ஆரல்வாய்மொழி):

பூக்கத் தொடங்கியதும் பறித்துக்கொண்டே இருங்கள். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். விதை பிடிக்க விட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். வாடின பூவைக் கிள்ளும்போது மொட்டையும் சேர்த்துக் கிள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டு தட்டையாக வட்டமாக இருக்கும், இதழ் உதிர்ந்தது கூர்மையாக நீண்டிருக்கும்.

அத்தப்பூவுக்குக் காலையில் பனி காய்ந்ததும் பறித்து, உடனே போட்டுவிட வேண்டும். இதழ் மெல்லியது, கேந்தி மாதிரி மறுநாள் வரை நிற்காது. சுற்று முழுவதையும் காஸ்மோஸால் நிரப்ப நினைக்காமல் கேந்தியும் வாடாமல்லியும் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆரஞ்சு வட்டம் ஒன்றை மட்டும் வீட்டுப் பூவில் போடுங்கள், நன்றாக இருக்கும்.

மலையோரம் (குலசேகரம்):

கடைசியில் விதைக்கு நாலைந்து பூவை மட்டும் செடியிலேயே விடுங்கள். ஊசி மாதிரி நீண்டு, கறுத்துக் காய்ந்ததும், மழை இல்லாத நாளில் எடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நன்றாக உலர்த்திக் காகிதக் கவரில் போட்டு, கவரை மூடிய பாட்டிலில் வையுங்கள். மஞ்சள் ரகத்தின் விதையை முற்றத்துக்கு வெளியே உதிர விடாதீர்கள் அக்கா. இந்தியாவில் பல இடங்களில் அது சாலையோரமும் தரிசும் தாண்டித் தானாகப் பரவிக்கிடக்கிறது. எங்களைப் போலக் காட்டை ஒட்டி இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.