பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கு உயிருள்ள ஈ. கோலி தடுப்பு மருந்து கொடுக்கலாமா?

கேள்வி – பண்ணைத் தொழிலாளி, டென்மார்க்

வணக்கம். எங்கள் பண்ணையில் நான்கு வாரக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த ஐந்தாறு நாட்களில் தண்ணீர்க் கழிச்சல் தொடங்கிவிடுகிறது. கண் உள்வாங்கி, முதுகெலும்பு துருத்தி, சில குட்டிகள் மறுநாளே இறந்துபோகின்றன. முன்பு தீவனத்தில் கலந்த துத்தநாக ஆக்சைடு இதை அடக்கி வைத்திருந்தது. அதை மருந்தாகக் கொடுப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இப்போது கால்நடை மருத்துவர், இந்தக் கழிச்சலுக்குக் காரணமான ஈ. கோலி என்ற குடல் பாக்டீரியாவை உயிருடன் கொண்ட கோலிப்ரோடெக் என்ற தடுப்பு மருந்தைச் சொல்கிறார். உயிருள்ள கிருமியையே வாயில் ஊற்றுவது ஆபத்தில்லையா? ஊசியாகப் போட முடியாதா?

மறுமொழி – கால்நடை மருத்துவர்

கழிச்சலைத் தரும் ஈ. கோலி முதலில் எஃப்4 அல்லது எஃப்18 எனப்படும் மயிரிழைகளால் குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அது சுரக்கும் நச்சுதான் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடுகிறது. மருந்திலுள்ள கிருமிக்கு அந்த இழைகள் உண்டு, அந்த நச்சு இல்லை. ஆகவே குட்டியின் குடல் நோயில்லாமலே இழையை அடையாளம் கண்டு, அதைத் தடுக்கும் பிறபொருளெதிரிகளைக் குடற்பரப்பிலேயே சுரக்கப் பழகுகிறது. ஊசியால் பெருகும் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் இரத்தத்தில் நின்றுவிடும். சினைப்பன்றிக்கு ஊசி போடுவது வேறு: அங்கே பாதுகாப்பு பால் வழியாகக் குட்டியை அடைகிறது, பால் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடுகிறது. உங்கள் குட்டிகள் விழுவது சரியாக அந்த இடைவெளியில்தான்.

ஆனால் முதலில் சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ரோட்டா வைரஸ் காரணமாக இருந்தால் இந்த மருந்தால் பயனில்லை.

மறுமொழி – பண்ணை மேலாளர்

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். 18 நாள் வயதிலிருந்து கோலிப்ரோடெக்கைக் கொடுக்கலாம். பாதுகாப்பு ஏழு நாள் கழித்தே தொடங்கி, ஏறத்தாழ மூன்று வாரம் நிற்கும். ஆகவே பிரிக்கும் நாளில் கொடுத்தால் காலம் கடந்துவிடும். அந்த வயதில் குட்டி தண்ணீரை அதிகம் தொடாது என்பதால் நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி வாயில் 2 மில்லி விடுகிறோம். முகத்தைத் திருப்பித் துப்பும் குட்டிக்குப் பொறுமை வேண்டும்.

இலியைட்டிஸ் என்ற சிறுகுடல் அழற்சிக்காகக் குடிநீரில் கொடுக்கும் இன்னொரு உயிருள்ள தடுப்பு மருந்தில், அதாவது அந்த நோயைத் தரும் லாசோனியா பாக்டீரியாவை வலுவிழக்கச் செய்த மருந்தில், நானே ஒருமுறை கெடுத்துக்கொண்டேன். குளோரின் விட்டுக் கழுவிய குழாயைச் சரியாக அலசாமல் மருந்தைக் கலந்துவிட்டேன். கிருமி செத்துவிட்டால் கொடுப்பது வெறும் தண்ணீர்தானே! சில மாதங்கள் கழித்து வெட்டுமிடத்தில் பார்த்தபோது சிறுகுடலின் கடைப்பகுதி தோட்டக் குழாய்போல் தடித்திருந்தது. அந்த மருந்துக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்கள் நுண்ணுயிர்க்கொல்லி கூடாது. கோலிப்ரோடெக்குக்கும் ஈ. கோலியைக் கொல்லும் எந்த மருந்தும் அந்த நாட்களில் ஆகாது.

கேட்டவர்

நன்றி. மூன்றாவது வாரத்தில் எல்லாக் குட்டிகளுக்கும் முன்னெச்சரிக்கையாக நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. மருத்துவரிடம் அதைத்தான் முதலில் பேச வேண்டும்; சாணத்தை நாளையே அனுப்புகிறேன்.